கூவிக் கேட்ட புலி

எங்கள் கோரைத்திட்டில் கடை கிடையாது. ஊரைச் சுற்றி உப்பங்கழி, கழிக்கு அந்தப் பக்கம் அலையாத்திக் காடு, காட்டைத் தாண்டினால் கடல், இதில் எவன் வந்து கடை வைப்பான்? வாரத்தில் இரண்டு நாள், ஓதம் ஏறிக் கழியில் தண்ணீர் நிறையும் நேரம் பார்த்து, டவுனிலிருந்து மைதீன் பாயின் மளிகைப் படகு வரும். கரைக்கு வந்தால் சேற்றில் தட்டிவிடும் என்பதால் படகு நடுக்கழியிலேயே நின்றுவிடும். எங்கள் பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று வேண்டியதைக் கூவிக் கேட்பார்கள். மிளகாய் என்று ஒருத்தி கூவுவாள், சீரகம் என்று ஒருத்தி கூவுவாள், சோப்பு என்று ஒருத்தி கூவுவாள், பாய் பொட்டலம் கட்டி வீசுவார், கூவியவள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்வாள். வெளியூர்க்காரன் எவனாவது அந்த நேரம் வந்து பார்த்தால் ஊரில் வெட்டுக்குத்து நடக்கிறது என்று நினைத்து ஓடிவிடுவான். நாங்கள் சும்மா பேசினாலே அப்படித்தான் இருக்கும்.

இந்தக் கூவலுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. படகு இல்லாத தண்ணீரைப் பார்த்துக் கூவக் கூடாது. கூவியவள் கைநீட்டி வாங்காமல் போகக் கூடாது. கழிக்குக் காது உண்டு, ஆனால் யோசனை கிடையாது. கேட்டதைக் கொண்டுவந்து நிறுத்திவிடும், கேட்டவள் வாங்குகிறவரை அந்தப் பொருள் திரும்பிப் போகாது, வேறு ஒருவர் வாங்கவும் முடியாது. முன்பு ஒருத்தி கண்ணாடி வளையல் வேண்டும் என்று வெறும் தண்ணீரைப் பார்த்துக் கூவிவிட்டு, புருஷன் வரும் சத்தம் கேட்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். அந்த மழைக்காலம் முழுக்கக் கழிக்குள் வளையல் குலுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, வலை போட்டவனுக்கெல்லாம் வலையில் அந்தச் சத்தம்தான் ஏறியது, மீன் ஏறவில்லை. கடைசியில் அவளே போய்க் கைநீட்டி வாங்கிக்கொண்ட அன்றுதான் கழி அடங்கியது. இதையெல்லாம் நாங்கள் அதிசயமாகச் சொல்வதில்லை. உப்புத் தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும்.

செங்கமலம் இந்த ஊருக்கு வாழ வந்தவள். வேதாரண்யத்துப் பக்கம் ஓர் உப்பளத்து வீட்டுப் பெண். அந்த வீட்டில் அப்பன் ஆத்தாள் அண்ணன் தம்பி ஒருவருக்கும் நாக்கு மடங்காது. ளகரமும் கிடையாது ழகரமும் கிடையாது, எல்லாம் லகரம்தான். குழம்பைக் கொலம்பு என்பாள், கிளியைக் கிலி என்பாள். வந்த வருஷம் மழையில் கழி பொங்கி ஊருக்குள் ஏறியபோது முதலில் பார்த்தவள் அவள்தான், "வெல்லம் வந்துருச்சு, வெல்லம் வந்துருச்சு" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினாள், அதைக் கேட்டுப் பிள்ளைகள் ஏனத்தைத் தூக்கிக்கொண்டு வெல்லம் வாங்க வாசலுக்கு வந்து நின்றன. அன்றிலிருந்து அவளைப் பேச வைத்துச் சிரிப்பது எங்கள் ஊரில் ஒரு பொழுதுபோக்கு. "அண்ணி, வாழைப்பழம் சொல்லுங்க. அண்ணி, புளி சொல்லுங்க." அவளும் சொல்லுவாள், கூடவே சிரிப்பாள். சிரிக்கிறவளுக்கு வலிக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவள் புருஷன் சித்திரவேல் மட்டும் சிரிக்க மாட்டான். சாப்பிட உட்கார்ந்தால் "கொலம்பு ஊத்து" என்பான். அவள் சொல்வது போலவே சொல்வான், கேலிக்கு இல்லை, அந்த வீட்டில் அதுதான் சரி என்பது போல. அவன் தாய் அஞ்சலைக்கு இது பிடிக்காது. "ஆம்பளப் புள்ள நாக்கையும் கெடுத்துட்டா" என்று துறையில் நின்று ஊருக்கே சொல்வாள். அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை. வாய்க்காலில் மீன் அள்ளிவிட்டு வருகிற அவன் படகைத் தூரத்தில் பார்த்தாலே செங்கமலம் அடுப்பைத் தூண்டிவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். அவன் வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்த பிறகுதான் அவள் முகம் முகமாக இருக்கும். அவளுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அவன்தான், இதை அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள்.

மூன்று வருஷம் ஒன்றும் தங்காமல் நாலாம் வருஷம் அவளுக்குத் தங்கியது. மசக்கையில் சிலருக்குச் சாம்பல், சிலருக்கு மாங்காய், இவளுக்குப் புளி. பானையில் இருந்த புளி முழுவதையும் உருட்டி உருட்டித் தின்று தீர்த்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று பிடித்துக்கொண்டது, மைதீன் பாயின் படகு வரவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்கலாம்தான். கேட்டால் என்ன வேண்டும் என்பார்கள், சொன்னால் இன்னொரு தரம் சொல்லு என்பார்கள். அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. உச்சி வெயிலில், துறையில் ஒரு குஞ்சு குருமான் இல்லாத நேரம், ஓதம் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி நின்று, எச்சில் ஊறிய வாயோடு, படகே இல்லாத கழியைப் பார்த்து அவள் கூவினாள்.

"புலி! எனக்குப் புலி வேணும்!"

கூவியது கழிக்குக் கேட்டது. அந்த ஓதத்திலேயே வந்துவிட்டது.

கடல் பக்கமிருந்து, தண்ணீர் ஏறுகிற போக்கோடு, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அது நீந்தி வந்தது. தூரத்தில் ஏதோ பானை மிதக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். பானை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அவள் முந்தானையை வாரிச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது மறுநாள். காட்டுக்குள் மீன் வாய்க்கால் பார்க்கப் போனவர்கள் சேற்றில் தடம் பார்த்தார்கள், ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். தில்லை மரத்துப் பட்டையில் நகம் போட்டு இழுத்த இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. கண்ணில் பட்டால் குருடாகிவிடும் என்று நாங்கள் தொடக்கூட அஞ்சும் பால், அது அதில் முகத்தைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தது, முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நண்டுகள் வளையை விட்டு வெளியே வரவில்லை. அவ்வளவு பெரிய காட்டில் ஒரு கொக்கு கத்தவில்லை.

வனக்காவலர் ஜெயபாலைக் கூட்டிப்போய்க் காட்டினோம். நல்ல மனுஷன், இந்தக் காட்டை வீடு போலப் பார்த்துக்கொள்கிறவர். "இந்தக் காட்டுல நீர்நாய் இருக்கு, நரி இருக்கு, காட்டுப்பூனை இருக்கு, உலகத்துப் பறவையெல்லாம் இருக்கு. புலி வங்காளத்துக் காட்டுலதான். இங்க கெடையாது" என்றார்.

"அப்ப இது என்ன சார்?" என்று நாட்டார் வைரக்கண்ணு தடத்தைக் காட்டிக் கேட்டார். எங்கள் ஊருக்குப் பெரியதனம் அவர்தான்.

ஜெயபால் குனிந்து பார்த்தார். "நாயா இருக்கும். கொஞ்சம் பெரிய நாயி" என்றார். அப்போது கண்டல் மரத்து வேர்களுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். மனுஷத் தொண்டை இல்லை. ஜெயபால் செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டுப் படகில் ஏறினார், நாங்கள் அவருக்கு முன்னாலேயே ஏறியிருந்தோம்.

பிறகு மேலதிகாரிகள் வந்தார்கள், தடத்தில் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தார்கள், மரத்தில் கேமரா கட்டினார்கள், துறையில் சிவப்பு போர்டு நட்டார்கள். அது ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட காடுதான், இப்போது எங்களிடமிருந்து முழுசாகப் பாதுகாக்கப்பட்டுவிட்டது, ஒருவரும் உள்ளே போகக் கூடாது. போர்டு இல்லாவிட்டாலும் எவன் போகப் போகிறான்?

நாங்கள் போகவில்லை, ஆனால் காடு எங்களிடம் வந்துவிட்டது. முதலில் நரிகள் வந்தன. பட்டப்பகலில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கழியை நீந்திக் கடந்து வந்து, கவிழ்த்து வைத்திருந்த படகுகளுக்கு அடியில் படுத்துக்கொண்டன. எங்கள் நாய்கள் குரைக்கவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தன. அடுத்து நீர்நாய்கள் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு வந்து மாரியம்மன் கோயில் குளத்தில் இறங்கின. கொக்கும் நாரையும் நத்தைகொத்தியும் சாயங்காலமானால் காட்டுக்குப் போகாமல் எங்கள் கூரைகளில் வந்து அடைந்தன, விடியும்போது ஓட்டு வீடு ஓலை வீடு பேதமில்லாமல் ஊரே வெள்ளை அடித்தது போல எச்சமாக இருந்தது. நாட்டார் ஊரைக் கூட்டி, அடைக்கலம் வந்ததை அடிக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார். பெண்கள் மீன் தலையை நரிகளுக்கு வைத்துவிட்டு அவற்றைத் தாண்டிக் குடம் தூக்கிப் போனார்கள். பிள்ளைகள் நீர்நாய்க் குட்டிகளுக்குப் பெயர் வைத்தன. எதற்கும் பழகிவிடுகிற ஊர் எங்களுடையது, ஆனால் ஒன்றுக்கு மட்டும் பழக முடியவில்லை, அந்த நரிகள் படுத்திருக்கும்போதுகூட முகத்தைக் காட்டுப் பக்கமாகவே வைத்துக்கொண்டிருந்தன.

அதன் பெயரைச் சொல்வதை நிறுத்தினோம். அதன் பெயரோடு சேர்த்துப் புளியின் பெயரையும் நிறுத்தினோம், அவசரத்தில் எவள் நாக்காவது வழுக்கிவிட்டால் என்ன செய்வது? குழம்புக்கு மாங்காய் போட்டோம், மாங்காய் தீர்ந்ததும் எலுமிச்சை பிழிந்தோம். புளியை "செவப்பு" என்றோம், மற்றதை "வந்தவரு" என்றோம். "வந்தவரு இன்னிக்கு எங்க இருக்காரு?" என்று ஒருவர் கேட்பார், "அக்கரையிலதான்" என்று இன்னொருவர் மெதுவாகச் சொல்வார். செங்கமலத்தை யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. அவளும் வாயே திறக்கவில்லை, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பயம் என்று விட்டுவிட்டோம்.

வந்தவர் ஒருவரையும் தொடவில்லை. அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. ஒரு மாட்டை அடித்திருந்தால், ஏன், ஒரு ஆளையே அடித்திருந்தால்கூடப் பசிக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது ஒவ்வொரு ஓதத்துக்கும் அக்கரையில் வந்து உட்கார்ந்து, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எங்கள் துறையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாட்டார் ஒரு கிடாயைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிக் கொண்டுபோய் அக்கரைச் சேற்றில் விட்டுவிட்டு வரச் செய்தார். மறுநாள் அந்தக் கிடாய் தானாக நீந்தித் திரும்பி வந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அது கத்தவே இல்லை. வாயைத் திறக்கும், சத்தம் வராது.

ஓதத்துக்கு ஓதம் அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. அக்கரை மரத்தடியிலிருந்து சேற்றுக்கு வந்தது, சேற்றிலிருந்து நடுக்கழியில் இருந்த மணல் திட்டுக்கு வந்தது. அங்கிருந்து பார்த்தால் துறையை ஒட்டிய முதல் வீடு நேராகத் தெரியும். அது சித்திரவேலின் வீடு.

அன்று மத்தியானம்தான் செங்கமலம் புருஷனிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி தட்டி ஓரமாக நின்றிருந்தாள், நின்றிருந்தாளா ஒட்டுக் கேட்டாளா என்பது வேறு விஷயம், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு எங்களுக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள்.

"மச்சான், அது என்னத் தேடித்தான் வந்துருக்கு."

"உளறாத."

"நான்தான் கூப்ட்டேன். படகு இல்லாத தண்ணியப் பாத்து கூவிட்டேன். புலின்னு கூவிட்டேன்."

"எந்தப் புலி?"

"கொலம்புக்குப் போடுற புலி" என்று சொல்லி அவள் அழுதாள்.

அவன் அப்போதும் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு, "யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"சொல்லாத. ஆத்தாகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா ஊரே சேந்து ஒன்னத் தூக்கிட்டுப் போயி அந்தத் திட்டுல நிறுத்திட்டு வந்துரும்."

"கேட்டவதான மச்சான் வாங்கணும்? நான் வாங்காம அது போவாது."

"வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு எதடி நீ வாங்குவ? நான் பாத்துக்கறேன். நீ பயப்படாம சாப்புடு."

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது கொடியில் காய்ந்த அவளுடைய மஞ்சள் சேலையைக் காணோம். சித்திரவேலையும் காணோம்.

தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம். துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பார்த்து, யாரோ பொம்பளை மணல் திட்டுக்கு நடந்து போகிறாள் என்று கூச்சல் போட்டார்கள், ஊர் கூடிவிட்டது. சித்திரவேல்தான் அது. மஞ்சள் சேலையைத் தலையோடு முக்காடு போட்டுச் சுற்றிக்கொண்டு, மீசை மட்டும் வெளியே தெரிய, திட்டில் ஏறி நின்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். "வா. நான்தான் கேட்டேன்" என்றான். குரலை மெல்லிசாக ஆக்கிக்கொண்டு சொன்னான், ஆனால் எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. வந்தவர் எழுந்தார். அவனைச் சுற்றி ஒரு தரம் வந்தார். சேலையை மோந்தார், பிறகு அவன் காலை மோந்தார், பிறகு தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்ணைப் பார்த்தவன் என்ன செய்வான்? சித்திரவேல் திரும்பி ஓடினான். ஊர்ப் பக்கம் ஓடியிருக்கலாம், பயத்தில் காட்டுப் பக்கம் ஓடினான். அக்கரை ஓரத்தில் நின்ற கண்டல் மரத்தில் ஏறினான். அது நடந்தே போய், மரத்தடியில் உட்கார்ந்துகொண்டது.

கண்டல் மரம் என்ன தென்னை மரமா? இரண்டு ஆள் உயரம் இருந்தால் அதிகம். அவன் ஏறியிருந்த கிளைக்கு மேலே இலைதான் இருந்தது. தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது அது எட்டாத உயரம், ஓதம் ஏறிவிட்டால் நீந்துகிற மிருகத்துக்கு அது எட்டுகிற உயரம். ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.

நாங்கள் தகரம் தட்டினோம், வெடி போட்டோம், கோயில் பறையைக் கொண்டுவந்து அடித்தோம். ஜெயபாலுக்குப் போன் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. மயக்க ஊசி போடுகிறவர்கள் வெளியூரிலிருந்து வர வேண்டும், நாளைக்குத்தான் வருவார்கள் என்றார். படகை எடுங்கடா என்று நாட்டார் கத்தினார், ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளைப் பார்த்தோம். அஞ்சலை சேற்றில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மரத்திலிருந்து அவன் குரல் வந்தது, "ஆத்தா, ஆத்தா" என்று சின்னப் பிள்ளை போல.

வாடை தணிந்து, அந்த ஓதத்தில்தான் மைதீன் பாயின் படகும் வந்து சேர்ந்தது. பாய் ஒரு பார்வை பார்த்தார். மரத்தில் மஞ்சள் சேலை, கீழே அது. வாழ்நாள் முழுக்க எங்கள் பெண்களின் கூவலைக் கேட்டவர் அவர். படகில் நின்றபடி, "யாரும்மா கூவுனது?" என்று கேட்டார்.

பறை அடித்தவன் கையை நிறுத்தினான்.

"கேக்குறேன்ல? வாங்காத சாமான் அது. யாரு கூவுனது?"

"நான்தான் பாய்" என்றாள் செங்கமலம்.

அத்தனை தலையும் திரும்பியது. அவள் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி நகர்ந்துகொண்டார்கள். அஞ்சலை அழுகையை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தாள். "அடிப்பாவி, எம் புள்ளய முழுங்கவா இதக் கேட்ட?" என்றாள். செங்கமலம் தண்ணீரில் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மார்பளவு ஆழம்வரை நடந்து போய்ப் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"புள்ளத்தாய்ச்சிய நான் எப்பிடிம்மா அங்க கொண்டுபோயி விடுறது? நானும் புள்ள பெத்தவன்" என்றார் பாய்.

"தண்ணி ஏறுது பாய். எங்க மச்சான் அங்க உக்காந்துருக்காங்க. கொண்டுபோயி விடுங்க, நான் வாங்கிக்கறேன்."

இதற்கு மேல் நடந்ததெல்லாம் பாய் சொன்னது. கரையில் நின்ற எங்களுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டோம். மரத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே பாயின் கை துடுப்பை விட்டுவிட்டது. அவள் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். பயப்படாமல் போனாள் என்று யாராவது சொன்னால் பொய். பல் கிட்டித்துப்போய், வாய்க்குள் என்னவோ முனகிக்கொண்டே போனாள். அது அவளைப் பார்த்தது. மரத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் நீந்தி வந்தது. அவள் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"வா. நான் கேட்டதுதான்" என்றாள்.

அது முதலில் அவள் வயிற்றில் மூக்கை வைத்தது. ரொம்ப நேரம் வைத்திருந்தது. பாய் அந்த நேரத்தில் கலிமா சொன்னதாகச் சொன்னார். பிறகு அது தாடையைத் தூக்கி, விரித்த துணியில் தன் தலையை வைத்தது. கனத்தில் அவள் மூக்குவரை முங்கிவிட்டு மறுபடி நிமிர்ந்தாள், கையை விடவில்லை. மரத்தைப் பார்த்து, "இறங்கி வாங்க மச்சான், வாங்கிட்டேன்" என்றாள். அவன் கிளையை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டான். அவள் படகில் ஏறிக்கொண்டாள், அது முந்தானை நுனியை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் நீந்தி வந்தது, பாய் திரும்பிப் பார்க்காமல் துடுப்புப் போட்டார்.

அவள் கரையேறியபோது துறையில் ஒருவரும் இல்லை. படகுகளுக்கு அடியில் கிடந்த நரிகள் எழுந்து, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போய்த் தண்ணீரில் இறங்கின. குளத்திலிருந்து நீர்நாய்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு கிளம்பின. கூரைகளிலிருந்து அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழுந்து காட்டைப் பார்த்துப் போனது, தெருவே ஒரு நிமிஷம் இருட்டிவிட்டது. கேட்ட பொருளை வாங்கியவள் வீட்டுக்குத்தானே கொண்டுபோவாள்? அவள் முன்னால் நடந்தாள், அது முந்தானையைக் கவ்வியபடி பின்னால் நடந்தது, நனைந்த ரோமத்திலிருந்து தண்ணீர் சொட்டி வழியெல்லாம் கோடு போட்டது. நாங்கள் கதவிடுக்கில் பார்த்தோம். அவள் யார் வீட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியாது, கதவைத் திறந்திருக்க மாட்டோம், அது மட்டும் தெரியும்.

அஞ்சலை அதற்கு முன்னாலேயே தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். செங்கமலம் அதை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். அது பானைகளையும் உறியையும் அம்மியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அவள் ஈரச் சேலையை மாற்றிக்கொண்டாள். அதைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

சித்திரவேலை நாட்டாரும் இரண்டு பேரும் போய் இறக்கிக்கொண்டு வந்தார்கள், இப்போது போகத் தைரியம் இருந்தது. கிளையை விட்டு அவன் விரல்களைப் பிரிக்கவே ரொம்ப நேரம் ஆனதாம். சேலையை அவிழ்த்துவிட்டு யாரோ ஒரு வேட்டியைக் கட்டிவிட்டிருந்தார்கள். தெருமுனை வரைக்கும் கூட வந்தவர்கள் அங்கேயே நின்றுகொண்டார்கள். அவன் மட்டும் தன் வீட்டை நோக்கி நடந்தான். வெயில் இறங்கியிருந்தது. வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், அவன் படகு வரும் நேரமெல்லாம் எப்படி நிற்பாளோ அப்படி.

"வந்துட்டீங்கலா மச்சான்" என்றாள். "உல்ல வாங்க. அது ஒண்ணும் பண்ணல, படுத்துருக்கு. சோறு வடிச்சுட்டேன்."

அவன் வாசலுக்கு வந்தான். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே இருட்டில், அடுப்பு வெளிச்சத்தில், ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தது. அவன் கண் அவள் முகத்தைத் தாண்டி அங்கே போய் நின்றுவிட்டது. அவளுக்காகச் சேலை கட்டிக்கொண்டு போனவன் அவன். எங்களில் வேறு எவன் போயிருப்பான்? அவனைக் குறை சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் கிடையாது. படியில் வைத்த காலை அவன் மெதுவாகக் கீழே எடுத்து வைத்தான்.

"கதவ சாத்திக்க, செங்கமலம்" என்றான்.

"நீங்க?"

"நீ சாத்திக்க."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், வாசலை விட்டு நகரவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் எல்லோர் வீட்டுக்கும் கேட்டது.